சீனாவுக்குப் போன நாகலூர் காப்பி

கவிதா போன வாரம் போன் செய்தாள். நான் வேலை பார்த்த காப்பிக் கம்பெனியில் ருசி பார்க்கும் அறைக்கு இப்போது அவள்தான் பொறுப்பு. புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகள் படிப்பதற்கு நான் ஏதாவது எழுதித் தர வேண்டுமாம். தலைப்பையும் அவளே வைத்துவிட்டாள்: மாறிவரும் ஆசியாவும் நமது காப்பியும்.

"ஏங்கண்ணு, இதுக்கு டெல்லியில யாராச்சும் பெரிய ஆளாப் பாத்துக் கேக்கறதுதானே?" என்றேன்.

"அவங்கெல்லாம் காப்பியக் குடிச்சுத் துப்ப மாட்டாங்களே அக்கா. சப்பான்காரர்ல இருந்து சீனாக்காரங்க வரைக்கும் எல்லாருக்கும் எதிர நின்னு துப்பினது நீங்கதானே" என்றாள்.

அது உண்மைதான். ஆசியாவில் எந்த நாடு எழுந்தது, எந்த நாடு உட்கார்ந்தது என்பதெல்லாம் எனக்கு நாக்கு வழியாகத் தெரிய வந்ததுதான். டிவியில் நாலு பேர் உட்கார்ந்து கத்தும்போது எனக்குக் கோபம் வரும். இவர்களில் ஒருவராவது அந்த ஊர்க்காரர்களோடு ஒரு மேஜையில் நின்றிருப்பாரா என்று தோன்றும். கவிதா வைத்த தலைப்பு அப்படியே இருக்கட்டும். நான் எழுதப்போவது ஒரு கண்டெய்னர் சரக்கைப் பற்றித்தான். அதைச் சொல்வதற்கு முன்னால் கொஞ்சம் பழைய கதை.

நான் சேலத்துக்கு மேலே மலையில் இருக்கிற நாகலூரில் கம்பெனியின் பொறுக்குக் கொட்டகையில் வேலைக்குச் சேர்ந்தவள். பச்சைக் காப்பிக்கொட்டையைப் பரப்பி வைத்துக்கொண்டு கறுத்தது, உடைந்தது, பூச்சி அரித்தது எல்லாவற்றையும் கையால் பொறுக்கி எடுக்கிற வேலை. எங்கள் அம்மாவும் அங்கேதான் பொறுக்கினாள். ஒருநாள் ஆரோக்கியசாமி சார் கொட்டகைக்கு வந்து எங்கள் எல்லோருக்கும் டம்ளர் டம்ளராகத் தண்ணீர் கொடுத்து, எதில் உப்பு, எதில் புளிப்பு என்று சொல்லச் சொன்னார். என்னைத் தவிர இன்னும் இரண்டு பேர் சரியாகச் சொன்னார்கள். அவர்கள் இரண்டு பேரும் வெற்றிலை போடுகிறவர்கள் என்பதால் சார் வேண்டாம் என்றுவிட்டார். அப்படித்தான் எனக்கு ருசி பார்க்கும் அறையில் இடம் கிடைத்தது. பிறகு சில வருஷம் கரண்டி கழுவினேன், கொட்டை வறுத்தேன், நாக்கைச் சுட்டுக்கொண்டேன். படிப்பு அவ்வளவுதான்.

ஆரோக்கியசாமி சார்தான் கம்பெனியின் தலைமை ருசியாளர். ஒல்லியான மனிதர், அரைக்கைச் சட்டை, கோபம் வந்தால் காது மட்டும் சிவக்கும். அறைக்குள் அவர் பேசவே மாட்டார். காப்பிக்கொட்டை பக்கத்தில் இருக்கும் எந்த வாசத்தையும் இழுத்து வைத்துக்கொள்ளும். அதனால் அறைக்குள் பவுடர், தைலம், தேங்காயெண்ணெய் எதுவும் கூடாது. வாசல் நிலையில் ஒரு ஆணி அடித்து வைத்திருந்தார். தலையில் பூ வைத்துக்கொண்டு வருகிற பெண்கள் அதைக் கழற்றி அந்த ஆணியில் மாட்டிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். சாயங்காலம் வாடிய பூவை வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போவேன். என் வீட்டுக்காரர் கேலி செய்வார், ஏதோ கல்யாணத்துக்குப் போய்ச் சாப்பாடு கிடைக்காமல் திரும்பினவள் மாதிரி இருக்கிறேன் என்று.

வேலை முறையைச் சொல்கிறேன், புதுப் பிள்ளைகளுக்கு இது தெரிந்ததுதான் என்றாலும். மாதிரிக்கு வந்த கொட்டையை இளசாக வறுத்து அரைத்துக் கண்ணாடிக் கிண்ணங்களில் போடுவோம். ஒரே காப்பிக்குப் பல கிண்ணம். கெட்ட கொட்டை ஒன்று எந்தக் கிண்ணத்தில் ஒளிந்திருக்கும் என்று தெரியாதே. கொதிக்கிற வெந்நீரை ஊற்றினால் தூள் மேலே எழும்பி ஆடை மாதிரி படியும். கொஞ்ச நேரம் பொறுத்து, மூக்கைக் கிண்ணத்துக்குள் விடுகிற அளவுக்குக் குனிந்து, கரண்டியால் அந்த ஆடையை உடைக்கவேண்டும். அப்போது கிளம்பும் ஆவியில்தான் பாதி விஷயம் தெரியும். பிறகு நுரையை வழித்துவிட்டு, கரண்டியில் மொண்டு, பக்கத்து அறைக்குக் கேட்கிற மாதிரி சத்தமாக உறிஞ்சி, வாய் முழுக்கச் சிதறவிட்டு, துப்ப வேண்டும். கிண்ணத்தில் எஸ்டேட் பெயரோ நாட்டின் பெயரோ இருக்காது. எண் மட்டும்தான்.

முடித்ததும் ஒவ்வொருவரும் கிண்ண வரிசைக்கு முன்னால் தங்கள் கரண்டியை வைப்போம். நிமிர்த்தி வைத்தால் நல்ல காப்பி, கவிழ்த்து வைத்தால் தள்ளுபடி. இருக்கிறவர்களில் இளையவர்தான் முதலில் வைக்கவேண்டும் என்பது சார் வைத்த சட்டம். பெரியவர் முதலில் வைத்துவிட்டால் சின்னவர் கை நடுங்கிக்கொண்டு அதே மாதிரி வைத்துவிடுமாம். அதனால் சார் எப்போதும் கடைசி.

அந்தக் காலத்தில் எங்களுக்கு ஆசியா என்றால் ஜப்பான் மட்டும்தான். மற்றவர்களெல்லாம் நம்மைப் போலவே விற்கிறவர்கள்; வாங்குகிறவர் ஜப்பான்காரர். அவர் வருகிறார் என்றால் எஸ்டேட் பாதைக்கே சுண்ணாம்பு அடிப்பார்கள். ஒருமுறை அப்படி வந்தவர் தலையில் வாசனைக் கிரீம் தடவியிருந்தார். சார் வாசலை மறித்து நின்று, கை கழுவும் தொட்டியைக் காட்டினார். பெரிய முதலாளிக்கு முகம் வெளுத்துவிட்டது. ஜப்பான்காரர் சாரைப் பார்த்தார், ஆணியில் தொங்கிய பூவைப் பார்த்தார், பிறகு கோட்டைக் கழற்றிவிட்டுத் தொட்டியில் தலையைக் கழுவினார். கொட்டகைத் துண்டை வாங்கித் துடைத்துக்கொண்டு உள்ளே வந்து, சாரைவிட வயதானவர் என்பதால் சாருக்கும் பின்னால் கரண்டி வைத்தார். அன்றைக்குப் பெரிய முதலாளி சாப்பிடவில்லை. ஆர்டர் வந்த பிறகுதான் சாப்பிட்டார் என்று சமையல்காரர் சொன்னார்.

அப்புறம் வியட்நாமில் இருந்து இளைஞர்கள் ஒரு கூட்டமாக வந்தார்கள். வாங்குவதற்கு வரவில்லை, கற்றுக்கொள்ள வந்தார்கள். எதைப் பார்த்தாலும் அளந்தார்கள். கொட்டை காயவைக்கிற களத்தின் நீளம், கொட்டையின் ஈரம், மிளகுக்கொடிக்கும் மரத்துக்கும் உள்ள இடைவெளி. கொட்டகையில் எங்கள் பெண்களோடு தரையில் உட்கார்ந்து பொறுக்கினார்கள். ஒரு பையன் "நொம்ப நல்லா இருக்குதுங்க" என்று சொல்லக் கற்றுக்கொண்டு, எதைக் கொடுத்தாலும் அதையே சொன்னான், மழைக்குக் குடை கொடுத்தபோதும் சொன்னான். எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. அண்ணன் தம்பிக்குச் சொல்லிக்கொடுக்கிற மாதிரி எல்லாவற்றையும் காட்டினோம்.

சில வருஷம் கழித்து நாகலூர் பஸ் நிறுத்தத்து டீக்கடையில், "வியட்நாம்ல மழை இல்லையாமா" என்று ஒருவர் சொல்ல, மற்றவர்களெல்லாம் சந்தோஷமாகத் தலையாட்டுவதைக் கேட்டேன். அங்கே விளைச்சல் குறைந்தால் இங்கே எங்களுக்கு விலை. அங்கே கொட்டிக் கிடந்தால் இங்கே கொட்டகைக்கு லீவு. அந்தப் பையன்கள் நன்றாகத்தான் அளந்துகொண்டு போயிருக்கிறார்கள் என்று நினைத்தேன். எனக்கு அவர்கள் மேல் பொறாமையாக இருந்தது, கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

ஆரோக்கியசாமி சார் ஓய்வு பெற்றுப் போனார். அவர் இடத்துக்கு நான் வந்தேன், எனக்குக் கீழே கவிதா சேர்ந்தாள். பெரிய முதலாளிக்குப் பிறகு அவர் மகன் பிரகாஷ் பொறுப்புக்கு வந்தார். அவரை எல்லோரும் சின்ன முதலாளி என்றே சொல்வோம். ஜப்பான் ஆர்டர் மெலிந்துகொண்டே வந்தது. கொட்டகையை மூடிவிட்டு, பொறுக்காத கொட்டையைச் சேலம் வியாபாரிக்கு அப்படியே தள்ளிவிடலாம் என்று சின்ன முதலாளி பேச ஆரம்பித்த சமயத்தில்தான் சீனாவில் இருந்து லின் வந்தாள். அங்கே ஊர் ஊராகக் காப்பிக் கடை நடத்துகிற ஒரு கம்பெனியின் ருசியாளர். கவிதாவைவிடக் கொஞ்சம் மூத்தவளாக இருப்பாள்.

வாசலில் ஆணியைப் பார்த்ததும் என்ன என்று கேட்டாள். கவிதா சொன்னாள். லின் உடனே தன் கைகளை முகர்ந்து பார்த்துவிட்டுத் தொட்டிக்குப் போய்ச் சோப்புப் போடாமல் வெறும் தண்ணீரில் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். கையில் ஏதோ கிரீம் போட்டிருந்தாளாம். எனக்கு அப்போதே அவளைப் பிடித்துவிட்டது. அவள் உறிஞ்சிய சத்தம் இருக்கிறதே, ஆரோக்கியசாமி சாருக்கே சவால். அவளுடைய ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் ஒரே அளவு நொண்டி என்பதால் நன்றாகப் புரிந்துகொண்டோம். அவர்கள் ஊரிலும் மலையில் காப்பி விளைகிறதாம். பையில் இருந்து கொஞ்சம் எடுத்துக் கொடுத்தாள். வறுத்துக் குடித்தோம். நான் கரண்டியை நிமிர்த்தித்தான் வைத்தேன், மனசில்லாமல் வைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அவள் கம்பெனி எங்கள் சரக்கில் ஒரு கண்டெய்னர் கேட்டது. நன்றாக இருந்தால் வருஷா வருஷம். கொட்டகை பிழைத்தது என்று பெண்கள் அன்று மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தார்கள்.

சரக்கு கிளம்புகிற நேரத்தில் எல்லையில் இரண்டு நாட்டுப் படைகளுக்கும் கைகலப்பு என்று செய்தி வந்தது. டிவியைப் போட்டாலே சீனா, சீனா. சீனப் பொருளை வாங்காதே என்று சேலத்தில் யாரோ பழைய டிவி ஒன்றைத் தெருவில் போட்டு உடைத்தார்கள். நாங்கள் வாங்கவில்லையே, விற்கத்தானே போகிறோம் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டோம். சரக்கை நானும் கவிதாவும் கடைசியாக ஒருமுறை ருசி பார்த்தோம். சுத்தம். இரண்டு கரண்டியும் நிமிர்ந்தே இருந்தன. வழக்கம்போல ஒரு பங்கை எடுத்துக் கட்டி, முத்திரை வைத்து, எங்கள் அலமாரியில் சாட்சிக்கு வைத்தோம்.

கண்டெய்னர் வண்டி மலைப்பாதை வளைவுகளில் ஏறி வராது. மூட்டைகளைச் சின்ன லாரியில் சேலம் அடிவாரத்தில் இருக்கிற கிடங்குக்கு இறக்கி, அங்கேதான் ஏற்றுவார்கள். அதைப் பார்த்துக்கொள்கிறவர் முருகேசன். பக்கத்து ஊரான கொட்டச்சேட்டுக்காரர், மூட்டை ஏற்றுகிறவர்களுக்கு மேஸ்திரி. ஒரு மூட்டையைக் கூட நனைய விடாத ஆள்.

சரக்கு போய்ச் சேர்ந்து கொஞ்ச நாளில் லின் கம்பெனியிடமிருந்து தகவல் வந்தது. காப்பியில் வேறு வாசனை அடிக்கிறது, மருந்தோ மரப்பிசினோ மாதிரி, ஏற்றுக்கொள்ள முடியாது.

சின்ன முதலாளி குதித்தார். "பாத்தீங்களாக்கா? நான் அப்பவே சொன்னேன். எல்லைல அடிச்சான், இப்ப இங்க அடிக்கறான். வேணும்னே பண்றாங்க. நம்ம சரக்குல என்ன குறைச்சல்?"

உண்மையைச் சொன்னால் எனக்கும் அப்படித்தான் தோன்றியது. சரக்கு சுத்தம் என்று நானே பார்த்தவள். லின் மேலிருந்து வந்த உத்தரவுக்குத் தலையாட்டிவிட்டாள் என்று நினைத்தேன். மனசு நொந்துபோயிற்று. சின்ன முதலாளி வக்கீலைப் பார்த்தார். வழக்குப் போடலாம், அலமாரியில் சாட்சிக்கு வைத்த பங்கு சுத்தமாக இருக்கிறது என்று நான் கையெழுத்துப் போட்டால் போதும் என்றார் வக்கீல். வழக்கு முடியும் வரை கொட்டகையை மூடிவைக்கலாம் என்றும் சின்ன முதலாளி சொன்னார்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால், அங்கே இறங்கிய சரக்கிலிருந்து எனக்குக் கொஞ்சம் அனுப்பச் சொல்லுங்கள் என்றேன். "எதுக்குங்க? நம்ம அலமாரில இருக்கறதுதான் சுத்தமா இருக்குதே" என்றார் சின்ன முதலாளி. "நான் குடிக்காத காப்பிக்குக் கையெழுத்துப் போட மாட்டனுங்க" என்றேன். முணுமுணுத்துக்கொண்டே கேட்டு வாங்கினார்.

கூரியரில் பொட்டலம் வந்தது. ஒரு வரிசையில் எங்கள் அலமாரிக் காப்பி, இன்னொரு வரிசையில் அங்கேயிருந்து வந்தது. எது எந்த வரிசை என்று எனக்கும் கவிதாவுக்கும் தெரியாதபடி வறுக்கிறவர் எண் போட்டார். முதல் வரிசையில் ஆடையை உடைத்தேன். எங்கள் மலைக்காப்பி. இரண்டாவது வரிசைக்குக் குனிந்து உடைத்தேன். ஆவி வந்ததும் எனக்குக் கை நின்றுவிட்டது. இது எனக்கு நன்றாகத் தெரிந்த வாசம், ஆனால் இந்த அறைக்குள் ஒருநாளும் வராத வாசம். என்னவென்று பிடிபடவில்லை.

சட்டப்படி கவிதா முதலில் கரண்டி வைக்கவேண்டும். கவிழ்த்து வைத்தாள். வைத்துவிட்டு, அறைக்குள் பேசக்கூடாது என்பதையே மறந்து, "அக்கா, வெள்ளிக்கெழம கோயில் வாசம் அடிக்குது" என்றாள்.

சாம்பிராணி. நான் என் கரண்டியைக் கவிழ்த்து வைத்துவிட்டு நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன். லின் பொய் சொல்லவில்லை.

கிடங்கில் ஏற்றும்போதுதான் அந்த வாசம் ஏறியிருக்க வேண்டும் என்று மறுநாள் பஸ் பிடித்து அடிவாரத்துக்கு இறங்கினேன். முருகேசன் கிடங்கு வாசலில் சாக்கு தைத்துக்கொண்டிருந்தார். "வாங்கக்கா, என்ன இவ்வளவு தூரம், ஒரு போன் அடிச்சா நானே வந்திருப்பனுங்களே" என்று ஸ்டூலைத் தட்டிப் போட்டார். சீனாச் சரக்கு கிளம்பின அன்று என்ன பூஜை போட்டீர்கள் என்று கேட்டேன். அவர் முகம் மலர்ந்தது.

"எப்பவும் போடறதுதானுங்க. டயருக்கு எலுமிச்சம்பழம், வாசல்ல தேங்கா, கற்பூரம். ஆனா இந்தத் தடவ அது பத்தாதுன்னுட்டு சாம்பிராணியும் போட்டனுங்க. பாதி மூட்டைக்கு மேல ஏத்தியாச்சு, கதவோரம் கொஞ்சம் எடம் இருந்துச்சு. தூபக்கால அங்க வெச்சு, கதவ ஒருக்களிச்சுச் சாத்திப்போட்டு, புகை நல்லா உள்ளாற சுத்தட்டும்னு நின்னனுங்க. தீப்பொறி பட்டறக் கூடாதுன்னு பக்கத்துலயேதான் நின்னேன், கண்ணுல தண்ணியா ஊத்துது. அப்பறமாத்தான் மீதி மூட்டைய ஏத்திச் சீல் வெச்சது."

"எதுக்குங்க அவ்வளவு சாம்பிராணி?"

"ஏனுங்கக்கா, ரெண்டு நாட்டுக்கும் அடிதடின்னு டிவில நாளெல்லாம் காட்டறானே. அந்த நாட்டுக்கே போவுது நம்ம சரக்கு. எத்தன கண்ணு படும்? நம்ம கொட்டகைப் பொம்பளைங்க பொழப்பெல்லாம் அதுக்குள்ளாறதானே இருக்குது. பத்தரமாப் போய்ச் சேரோணும்னு வேண்டிக்கிட்டுத்தான் போட்டனுங்க."

அவரிடம் எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. சொல்லித்தான் ஆகவேண்டும், சொன்னேன். மூடின பெட்டிக்குள், கப்பல் வெயிலில், அந்தப் புகை முழுவதையும் கொட்டை இழுத்துக்கொண்டுவிட்டது என்று. அவர் கையிலிருந்த கோணி ஊசியைச் சாக்கில் குத்தி வைத்தார்.

"அப்ப நாந்தானுங்களா கெடுத்துப்போட்டது?" என்றார். பிறகு, "கொட்டகைய மூடிருவாங்களாக்கா?" என்றார். தன் வேலையைப் பற்றி அவர் கேட்கவில்லை. தெரியாது என்றேன். கிளம்பும்போதுதான் தயங்கித் தயங்கி இன்னொன்றும் சொன்னார். "இத யாருகிட்டயும் சொல்லாதீங்கக்கா. சின்ன முதலாளிதானுங்க போன்ல சொன்னாரு, இந்தத் தடவ பூஜை பலமா இருக்கட்டும்னு."

நாகலூருக்குத் திரும்பி நேராக ஆபீசுக்குப் போனேன். நடந்ததைச் சொன்னேன், அந்த போன் விஷயத்தை மட்டும் விட்டுவிட்டு. சின்ன முதலாளி எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"அக்கா, இது நம்மளோட இருக்கட்டும். நம்ம அலமாரில இருக்கறது சுத்தம்னு நீங்க எழுதறது பொய்யில்லையே. அத மட்டும் எழுதுங்க. முருகேசன வேலைய விட்டு அனுப்பிரலாம், விசயம் வெளிய வராது."

"எழுதறதுன்னா ரெண்டு வரிசையும் எழுதுவனுங்க. ரெண்டையும் குடிச்சேன்" என்றேன்.

"அவங்க நம்மள மிதிக்கறாங்கக்கா. நாடே எதிர்த்து நிக்கறப்ப, நாம தப்புப் பண்ணினோம்னு அவங்ககிட்டப் போய்ச் சொல்றதா?"

"காப்பில சாம்பிராணி வாசம் அடிக்குதுங்க. அதுக்கும் எல்லைக்கும் என்ன சம்பந்தம்? முருகேசன அனுப்பறதுக்கு முன்னால ஒண்ணு மட்டும் சொல்லுங்க. பூஜைய பலமாப் போடச் சொன்னது யாருங்க?"

யாரிடமும் சொல்லாதீர்கள் என்று முருகேசன் கேட்டுக்கொண்டார்தான். அவர் வேலைக்கே உலை வைக்கப் பார்த்த பிறகு நான் எதற்கு வாயை மூடிக்கொண்டிருக்க வேண்டும்? சின்ன முதலாளி சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். காது சிவந்திருந்தது. பிறகு மேஜை மேலிருந்த போனை என் பக்கம் தள்ளினார். "நீங்களே பேசுங்க. எனக்கு வாய் வராது."

லின்னுக்கு போன் போட்டேன். அவள் குரலில் பழைய சிநேகம் இல்லை. என்னுடைய நொண்டி ஆங்கிலத்தில் முழுவதையும் சொன்னேன். சாம்பிராணிக்கு என்ன வார்த்தை என்று தெரியாமல், கோயில், புகை, கரி, மரப்பால் என்று ஒவ்வொன்றாகச் சொல்லிச் சமாளித்தேன். எதற்காகப் போட்டார் என்பதையும் சொன்னேன். வியாபாரம் முடிந்தது, கொட்டகை முடிந்தது என்று நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டேன்.

பிறகு சிரிப்புச் சத்தம் கேட்டது. லின் சிரித்தாள், மூச்சுத் திணறத் திணறச் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு அவள் சொன்னது எனக்கு இன்றும் மறக்கவில்லை. எல்லைத் தகராறுக்குப் பழிவாங்க இந்தியாக்காரர்கள் வேண்டுமென்றே கெட்ட சரக்கை அனுப்பிவிட்டார்கள் என்று அவளுடைய முதலாளி சொல்லிக்கொண்டிருக்கிறாராம். இல்லை, அந்த அறையில் ஆணியில் பூவை மாட்டிவிட்டு வேலை செய்கிறவர்கள் அப்படிச் செய்ய மாட்டார்கள் என்று இவள் வாதாடிக்கொண்டிருக்கிறாளாம். அவர்கள் கிடங்கிலும் முதல் சரக்குக் கிளம்பினால் பட்டாசுச் சரம் கொளுத்துவார்களாம். ஒருமுறை தேயிலை முழுக்க வெடிமருந்து வாசம் ஏறிவிட்டதாம்.

புகை வைத்தது எந்தப் பக்கம் என்று கேட்டாள். கதவோரம் என்றேன். அப்படியானால் உள்வரிசை மூட்டைகளைத் தனியாகப் பார்க்கிறேன் என்றாள்.

அவள் பார்த்து முடிக்கிற வரை நான் சரியாகச் சாப்பிடவில்லை. பெரிய முதலாளி அன்று ஏன் சாப்பிடாமல் இருந்தார் என்று அப்போதுதான் புரிந்தது. கடைசியில் லின்னே ஆபீசுக்குக் கூப்பிட்டாள்; கவிதாவும் பக்கத்தில் இருந்தாள். முன்வரிசை முழுவதும் கெட்டுவிட்டது, உள்ளே போகப்போக வாசம் குறைந்து, பின்பாதி சுத்தமாக இருக்கிறது. சுத்தமானதைப் பேசின விலைக்கே எடுத்துக்கொள்கிறார்கள். கெட்டதை உடனடிக் காப்பித்தூள் செய்கிறவர்களுக்குத் தள்ளிவிட்டு, குறைகிறதை நாங்கள் ஏற்றுக்கொள்ள வேண்டும். அடுத்த வருஷமும் அனுப்புங்கள், புகையில்லாமல்.

போனை வைத்ததும் நான் அழுதுவிட்டேன். வெட்கமே இல்லாமல், சின்ன முதலாளி முன்னாலேயே. நெஞ்சின் மேல் ஏறி உட்கார்ந்திருந்த மூட்டையை யாரோ இறக்கி வைத்த மாதிரி இருந்தது. அவரும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முருகேசன இனிமே தீப்பெட்டிப் பக்கம் விடாதீங்கக்கா" என்றார். அவருக்குத் தெரிந்த மன்னிப்பு அதுதான். கவிதா கொட்டகைக்கு ஓடினாள். அங்கே எழுந்த சத்தம் ஆபீஸ் வரைக்கும் கேட்டது.

அதற்குப் பிறகும் எல்லையில் ஒவ்வொரு சமயம் ஒவ்வொரு மாதிரி செய்தி வந்துகொண்டுதான் இருந்தது. வியட்நாம்காரர்கள் இன்னும் பெரிதாக வளர்ந்தார்கள். கொரியாவில் இருந்தும் வாங்க வந்தார்கள். லின்னுடைய மலைக்காப்பி இப்போது உலகச் சந்தையில் எங்களோடு போட்டிக்கு நிற்கிறது. எது நாளைக்கு மேலே வரும் என்று கவிதா கேட்டால் எனக்குத் தெரியாது. வருகிறவர் யாராக இருந்தாலும் தொட்டியில் கை கழுவிவிட்டு உள்ளே வரட்டும்.

நான் ஓய்வு பெறுகிற வருஷம் லின் மறுபடி வந்தாள். சரக்கு ஏற்றுவதைப் பார்க்க அடிவாரத்துக்குப் போகவேண்டும் என்றாள். முருகேசனுக்கு யாரோ முன்னாலேயே சொல்லிவிட்டார்கள். நாங்கள் போனபோது ஆளைக் காணோம், லாரிக்குப் பின்னால் மறைந்து நின்றுகொண்டிருந்தார். லின், அந்தப் புகைக்காரர் எங்கே என்று கேட்டாள். கவிதா போய் முருகேசன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். அவர் தலையைக் குனிந்து கும்பிட்டபடியே நின்றார்.

லின் பையில் இருந்து ஒரு நீளமான காகிதப் பெட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தாள். அவர்கள் ஊர்க் கோயில் ஊதுவத்தி. நம் சரக்குக்காக அவர் வேண்டிக்கொண்டதற்கு இது என்று சொல்லச் சொன்னாள். நான் சொன்னேன். முருகேசன் மூடியைத் திறந்து முகர்ந்து பார்த்தார். கண் கலங்கிவிட்டது. "நொம்ப நல்லா இருக்குதுங்க" என்றார்.

கண்டெய்னர் கதவு சாத்திச் சீல் வைத்திருந்தது. இப்போதே ஒன்று கொளுத்துங்கள் என்று லின் சைகை காட்டினாள். முருகேசன் திடுக்கிட்டுக் கதவைத் தொட்டுப் பார்த்தார், சீலை இழுத்துப் பார்த்தார். பிறகு எங்களை அங்கேயே நிற்கச் சொல்லிவிட்டுக் கிடங்கின் இரும்புக் கேட்டைத் தாண்டி, ரோட்டையும் தாண்டி, எதிர்ப்புறம் புளியமரத்தடிக்குப் போனார். குனிந்து ஒரு கை மண்ணை அள்ளி மேலே உயர்த்தி மெல்லச் சிந்தவிட்டு, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்தார். மண் கிடங்கை விட்டு விலகிச் சேலம் பக்கமாகப் பறந்தது. அதற்கப்புறம்தான் தீப்பெட்டியை எடுத்தார்.